தோட்டமும் தாமானும்: புறநகர்ப் பூங்கா அமைப்புப் பற்றிய ஒரு திறனாய்வு

தோட்டம் என்னும் தமிழ்ச் சொல்லும் தாமான் என்னும் மலாய்ச் சொல்லும் பொருளால் நெருங்கிய உறவுடையன. மரமும் மலரும் வைத்துப் பேணப்படும் இடத்தை இரண்டும் குறிக்கும். ஆயினும் மலேசியத் தமிழர் வாழ்வில் இரண்டும் வேறு பொருள் பூண்டுவிட்டன. தோட்டம் என்றால் கித்தா மரங்கள் நிரைநிரையாக நின்ற, லயன் வீடுகள் வரிசையாக அமைந்த வேலைக்களம். தாமான் என்றால் கல்வீடுகள் வரிசையாக அமைந்த வீடமைப்புப் பகுதி. பேராக் மாநிலத்தில், சிறப்பாக ஈப்போவைச் சூழ்ந்த வட்டாரங்களில், தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் வாழ்ந்த தமிழர் பலர் தாமானுக்குக் குடிபெயர்ந்தனர். சோலையின் பெயர் தாங்கிய ஓரிடத்தினின்று அதே பெயர் தாங்கிய மற்றோரிடத்திற்குப் பெயர்ந்தவர்க்கு, உண்மையான பூங்கா ஒன்று கிடைத்ததா என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா.

அளவு கூறும் நூல்

மலேசியத் தீபகற்பத்தில் நகரமைப்புக்கு அடிப்படையாக விளங்குவது 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டம். கூட்டரசின் திட்டத்துறை திறந்த வெளிகளைப் படிமுறையாக வகுத்து வழிகாட்டி ஒன்றும் தந்துள்ளது. அவ்வகுப்பில் மிகச் சிறியது சிறுவர் ஆடிடம். அதன் பரப்பு 0.2 ஹெக்டர், அதாவது அரை ஏக்கர். அடுத்தது விளையாட்டுத் திடல், 0.6 ஹெக்டர். அக்கம்பக்கப் பூங்காவிற்கு 2 ஹெக்டர். வட்டாரப் பூங்காவிற்கு 8. நகரப் பூங்காவிற்கு 40. மண்டலப் பூங்காவிற்கு 100. வீடமைப்புத் திட்டங்களில் நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலம் திறந்த வெளியாக விடப்படல் வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் விதி. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்மயக் கொள்கையோ, 1,000 பேருக்கு 2 ஹெக்டர் என இலக்கு வைத்தது.

இத்தகைய விதிகள் இருப்பது பாராட்டற்குரியது. விதியே இல்லாவிடின் விற்பனையாகும் நிலத்தில் ஓரடியும் பொதுவிற்கு எஞ்சாது. ஆயினும், யாப்பு வழுவாத செய்யுளெல்லாம் கவிதையாகிவிடுவதில்லை என்பது தமிழாசிரியர் நன்கறிந்த உண்மை. பூங்கா விதிகளுக்கும் அது பொருந்தும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 ஏக்கர் கித்தா நிலம் வீடமைப்புப் பகுதியாக மாறுகின்றது எனக் கொள்க. அதில் 800 வீடுகள். வீட்டிற்கு நால்வர் எனின் 3,200 பேர். பத்திலொரு பங்கு விதிப்படி கிடைப்பது 10 ஏக்கர், ஏறத்தாழ 4 ஹெக்டர். கொள்கையின் இலக்குப்படி வேண்டுவதோ 6.4 ஹெக்டர், ஏறத்தாழ 16 ஏக்கர். ஆகவே விதி முழுமையாக நிறைவேறிய இடத்திலும் இலக்கிற்கு 6 ஏக்கர் குறைகின்றது.

இக்குறையினும் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த 10 ஏக்கரும் ஒரே இடத்தில் அமைந்தால் அக்கம்பக்கப் பூங்காவும் நல்ல திடலும் அமைக்கலாம். அரையரை ஏக்கராக இருபது துண்டுகளாய்ச் சிதறினால் ஒன்றிலும் இளைஞர் பந்தாட இயலாது. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடைய பந்தாட்டத் திடலுக்குக் கோடுகளின் உட்பரப்பு மட்டுமே 0.71 ஹெக்டர் ஆகும். அரை ஏக்கரிலும் வடிவ வேறுபாடு உண்டு. 45 மீட்டர்ச் சதுரமும், 10 மீட்டர் அகலத்தில் 200 மீட்டர் நீண்டு கிடக்கும் கீற்றும் பரப்பால் ஏறத்தாழ ஒன்றே. முதலாவதில் குழந்தை ஓடி விளையாடும். இரண்டாவதில் எறிந்த பந்து சாலையிலோ சாக்கடையிலோ போய் விழும். வரைபடத்தில் இரண்டிற்கும் ஒரே பச்சை வண்ணந்தான்.

இத்தகைய கீற்றுகள் எவ்வாறு தோன்றுகின்றன? சாலைகளும் வீட்டு மனைகளும் முதலில் வரையப்படுகின்றன. பின்னர் மனைக்கு உதவாத மூலைகளும், சரிவுகளும், கால்வாய் ஓரங்களும் திறந்த வெளி என்னும் தலைப்பின்கீழ்த் தொகுக்கப்படுகின்றன. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த மழைநீர் மேலாண்மைக் கையேட்டின்படி புதிய வீடமைப்புகளுக்கு வெள்ளம் தேக்கும் குளங்களும் தேவையாயின. அவை ஊருக்கு நன்மை தருவன என்பதில் ஐயமில்லை. ஆனால் வேலியிட்ட குளத்தைப் பூங்காக் கணக்கில் எழுதினால் எண்ணிக்கை நிறையும். குழந்தையின் மாலைப்பொழுது நிறையாது.

எண் நின்றது, இடம் மறைந்தது

பத்திலொரு பங்கு என்னும் அளவு உலக நகரமைப்பு நூல்களுக்குப் புதியதன்று. அமெரிக்க அறிஞர் கிளாரன்ஸ் பெரி 1929இல் அக்கம்பக்க அலகு என்னும் கருத்தை வெளியிட்டபோது, 160 ஏக்கர் கொண்ட தம் மாதிரி வரைபடத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலத்தைப் பூங்காவிற்கும் விளையாட்டிற்கும் ஒதுக்கினார். ஆனால் அவர் எண்ணோடு நிற்கவில்லை, இடத்தையும் சொன்னார். பள்ளியும் பொதுக்கூடமும் நடுவில். வீட்டினின்று கால்மைல் தொலைவிற்குள் அவற்றை நடந்தடையும் வசதி. பெருஞ்சாலைகள் குடியிருப்பை ஊடறுக்காமல் எல்லைகளில். அளவும் அமைப்பும் அவர் கருத்தில் பிரிக்க இயலாதன. அமைப்பைக் கைவிட்டு அளவை மட்டும் பற்றி நிற்பது, சொல்லைப் பற்றிப் பொருளை விடுதல் போன்றது.

பெரும் பூங்காக்களில் பேராக் குறையுடையதன்று. ஈயம் தோண்டிய குழிகளை ஏரிகளாக்கி 1880இல் உருவான தைப்பிங் ஏரிப் பூங்கா, நிலத்தின் புண்ணையே அணியாக மாற்றிய அருஞ்செயல். ஈப்போவில் டி. ஆர். சீனிவாசகம் பெயர் தாங்கிய பூங்காவும், சுண்ணாம்புக் குன்றுகளிடையே குனோங் லாங் பூங்காவும் உள்ளன. ஆயினும் செம்மோரிலோ லகாட்டிலோ வாழும் ஒரு பாட்டி, நாள்தோறும் மாலையில் பேரக்குழந்தையைக் கைப்பிடித்து அங்கெல்லாம் நடந்து செல்ல இயலாது. விடுமுறை நாளுக்குரிய பூங்கா வேறு. நாள்தோறும் வேண்டும் பூங்கா வேறு. புறநகரில் குறைவுபடுவது இரண்டாவதே.

திடல் இருந்த இடம்

தோட்டத்தில் பூங்கா என்ற பெயரில் ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் பொதுவெளி இருந்தது. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் நின்ற களம், லயன் வீடுகளுக்கு அருகே கோயில், கோயிலை அடுத்துத் திருவிழாவிற்குக் கூட்டம் கொள்ளும் வெளி, தமிழ்ப்பள்ளி, பள்ளிப் பிள்ளைகளும் வேலை முடித்த இளைஞரும் பந்தாடிய திடல், ஆயாக் கொட்டகை. இவை ஒன்றையொன்று கூப்பிடு தொலைவில் பெற்றிருந்த தோட்டங்கள் பல. பெரி தாளில் வரைந்த அமைப்பினை நெருங்கிய ஒன்று, பழக்கத்தால் தானே அங்கு உருவாகியிருந்தது.

சங்ககால ஊர்களின் மன்றத்தை நினைவிற் கொள்வார்க்கு இது வியப்பளிக்காது. மன்றத்தில் மரம் நின்றது; அதன் நிழலில் ஊரார் கூடினர்; இரவலர் தங்கினர். பொதியிலில் முதியோர் சூதாடிப் பொழுது போக்கினர். ஒரே வெளி பலர்க்கும் பல பொழுதிலும் பயன்பட்டமையே அதன் சிறப்பு.

எனினும் தோட்ட வாழ்வைப் பொற்காலமாகப் புனைந்துரைத்தல் உண்மைக்கு மாறாகும். பெரட்டுக்களம் கட்டுப்பாட்டின் களம். திடல் கம்பெனியின் நிலம். அதில் தொழிலாளிக்கு வழக்கம் இருந்தது, உரிமை இல்லை. தோட்டம் கைமாறியபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. 1951 முதல் 1960 வரை மலாயாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்ட வரலாற்றைப் பேராசிரியர் உங்கு அசிஸ் தனி நூலாகவே ஆராய்ந்தார். அத்துண்டாடலுக்கு விடையாகவே, பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் நகரங்கள் பெருகித் தோட்டங்களை நெருங்கியபோது, துண்டுகள் மனைகளாயின. திடலுக்குத் தனிப்பட்டா இல்லாதபடியால் அதுவும் மனைகளுள் மறைந்தது.

தோட்டத்தில் பொதுவெளிக்கு உயிர் இருந்தது, உரிமை இல்லை. தாமானில் உரிமை உண்டு, உயிர் இல்லை. திட்டம் வகுப்போர் தீர்க்க வேண்டிய சிக்கல் இதுவே.

புகாரின் ஐந்து வனங்கள்

பூங்காக்களின் எண்ணிக்கை ஒன்று, பயன் மற்றொன்று என்பதனை மணிமேகலைக் காப்பியம் அழகுறக் காட்டுகின்றது. மணிமேகலையின் கண்ணீர் பட்டு மாலை தூய்மையிழக்க, புதுமலர் கொய்துவரச் சொல்கின்றாள் மாதவி. மலர் கொய்ய எங்குச் செல்வது? புகாரில் வனங்களுக்குக் குறைவில்லை. இலவந்திகையில் அரசனைச் சார்ந்தோர் இருப்பர். உய்யானத்து மலர்கள் வானோர்க்கு உரியன, பூதங்கள் காப்பன. சம்பாதி வனத்திலும் கவேர வனத்திலும் வருத்தும் தெய்வங்கள் உறையும். எஞ்சியது உவவனம் ஒன்றே.

பெயர் பெற்ற வனங்கள் ஐந்து. தேவையோடு செல்லும் ஓர் இளம்பெண்ணுக்குத் திறந்தது ஒன்று. சுதமதியின் வாயிலாகச் சாத்தனார் நிகழ்த்தும் இவ்வாராய்ச்சி, பூங்காக்களை மதிப்பிடுவோர்க்கு இன்றும் அளவுகோலாகும். எத்தனை பூங்கா என்று கேட்பதோடு நில்லாமல், அங்குச் செல்லக்கூடியவர் யார், எப்பொழுது, எவ்வழியே என்று கேட்டல் வேண்டும். மாலை ஆறு மணிக்கு அங்கு விளக்குண்டா? பெண்கள் அஞ்சாது அமரலாமா? முதியவர் பெருஞ்சாலையைக் கடவாமல் சேரலாமா? நண்பகல் வெயிலுக்கு ஒரு மரமேனும் உண்டா? இக்கேள்விகளுக்கு ஹெக்டர்க் கணக்கு விடை சொல்லாது.

கேட்பார் யார்?

இக்கேள்விகளை ஆட்சி மன்றத்தில் எழுப்புவோர் யார் என்பது அடுத்த வினா. 1950களின் இறுதியிலும் 1960களின் முற்பகுதியிலும் ஈப்போ நகரமன்றம் தேர்தல்வழி அமைந்தது. சீனிவாசகம் உடன்பிறப்பினர் வழிநடத்திய மக்கள் முற்போக்குக் கட்சி அதனை ஆண்டது. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம் தேர்தல்முறை தொடர வேண்டும் என்றே பரிந்துரைத்தது. ஆயினும் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், 8 முதல் 24 வரையான உறுப்பினரை மாநில அரசு நியமிக்கும் முறையை நிலைநாட்டியது. ஈப்போ 1988இல் மாநகரமாயிற்று. மன்றத்தினர் நியமனத்தாலேயே வருகின்றனர். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருவோர் இல்லாத இடத்தில், பூங்கா பற்றிய முறையீட்டை மக்களே மன்றத்தின் வாசலுக்குக் கொண்டு செல்ல வேண்டியுள்ளது.

அவ்வாறு கொண்டுசென்றோர் வென்ற வழக்கொன்று கோலாலம்பூரில் உண்டு. ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிகள் எழுப்ப 2017இல் அளிக்கப்பட்ட மேம்பாட்டு ஆணையினை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் அவ்வாணையினை விலக்கியது. கூட்டரசு நீதிமன்றம் 2023இல் அதனை உறுதி செய்தது. ஆனால் அவ்வழக்கிற்கு மற்றொரு முகமும் உண்டு. அங்கு நீண்ட வீடுகளில் வாழ்ந்தவர்கள், புக்கிட் கியாரா கித்தாத் தோட்டத்தினின்று 1980களில் பெயர்க்கப்பட்ட தொழிலாளர் குடும்பத்தினர். நிலையான வீடு தரப்படும் என்னும் வாக்குறுதியோடு பல்லாண்டு காத்திருந்தோர். அவர்களுக்கு வீடு கட்டும் பகுதியும் அத்திட்டத்திலேயே இணைக்கப்பட்டிருந்தது. இவ்வாறு பூங்காவைக் காப்போரும் வீட்டுக்குக் காத்திருப்போரும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். வீடும் வெளியும் ஒருங்கே திட்டமிடப்படாத இடத்தில் ஏழைக்கு ஒன்று கிடைக்க மற்றொன்று பலியாக வேண்டும் என்னும் நிலை உருவாகும். பேராக்கின் தோட்ட நிலங்கள் மனைகளாகும்போது கற்க வேண்டிய பாடம் இது.

செய்யத்தக்கன

ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடஸ் 1914, 1915ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்து நகரங்களை ஆராய்ந்தபோது, வரைகோலைத் தொடுமுன் ஊரை நடந்து பார்க்க வேண்டும் என்னும் நெறியைக் கைக்கொண்டார். இருப்பதை இடித்துத் தள்ளாமல், இன்றியமையாத இடத்தில் மட்டும் கைவைத்து, மரத்தையும் வெளியையும் காப்பதே அவர் காட்டிய வழி. தோட்ட நிலம் மனையாகுமுன் இந்நெறி பின்பற்றப்படின் திடல் எது, கோயில் வெளி எது, பள்ளி எது, நிழல் மரம் எது என்பன முதலில் குறிக்கப்படும். பூங்கா அவற்றைச் சூழ்ந்து அமையும். சாலையும் மனையும் அதற்குப் பின் வரும்.

சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. 0.8 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுடைய மரத்தைத் திட்ட அதிகாரியின் எழுத்து இசைவின்றி, சில விலக்குகள் நீங்கலாக, வெட்டலாகாது என்னும் விதி 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்கீழ் பொதுநிலத்தை அரசிதழில் அறிவித்து ஒதுக்கலாம். தோட்டத் திடலுக்கு இல்லாதிருந்த உரிமைக் காப்பு இதுவே. உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, மறுப்புரைக்க நான்கு வாரத்திற்குக் குறையாத காலம் தரப்பட வேண்டும் என்றும் சட்டம் விதிக்கின்றது.

அந்நான்கு வாரங்களில் வரைபடத்தைச் சென்று பார்க்கும் தமிழர் எத்தனை பேர்? ஹெக்டரும் பிரிவெண்ணும் நிறைந்த அத்தாள்கள் மலாயில் இருக்கும். தோட்டத்து முதியவர்க்கு அவை விளங்கா. அவர்க்கோ திடல் எங்கிருந்தது, மழைநீர் எவ்வழி ஓடியது, எந்த மரத்தடியில் நிழல் நிலைத்தது என்பன தெரியும். அறிந்தவர்க்குத் தாள் விளங்கவில்லை. தாள் வரைவோர்க்கு நிலம் தெரியவில்லை. இரண்டிற்கும் இடையே நின்று படித்துச் சொல்லவும் கேட்டு எழுதவும் வல்லவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே. கோயில் நிருவாகத்தாரும் பெற்றோர் சங்கத்தாரும் அவரோடு சேர்ந்தால், மன்றத்தின் முன் வைக்கப்படும் ஒரு தாளில் ஊரின் நினைவு முழுவதும் எழுதப்பட்டுவிடும்.

தோட்டம் போயிற்று, மீண்டும் வாராது, வரவேண்டுவதும் இல்லை. தாமான் வந்துவிட்டது. அதன் பெயரில் உள்ள பூங்காவை அதன் நிலத்திலும் காணச் செய்வதே எஞ்சிய பணி.