முக்கோண வகைப் பெயர்களும் அளவறிதலும்: கலைச்சொல் நோக்கில் ஒரு திறனாய்வு

முக்கோணங்களைப் பக்கங்களாலும் கோணங்களாலும் வகைப்படுத்துதல் எளிய பாடமாகக் கருதப்படுகிறது. அதனால் மாணவர் இழைக்கும் பிழைகள் கவனக்குறைவாகவே கணிக்கப்படுகின்றன. அவற்றுள் சில, பாடத்தின் கலைச்சொற்களிலேயே வேர்கொண்டவை.

குறுங்கோண முக்கோணம், செங்கோண முக்கோணம், விரிகோண முக்கோணம் ஆகிய மூன்றும் சொல்லமைப்பில் ஒத்தவை, பொருளில் அவ்வாறல்ல. ஒரு கோணம் 90° ஆனாலே அது செங்கோண முக்கோணம். ஒரு கோணம் 90°-ஐ விஞ்சினாலே விரிகோண முக்கோணம். குறுங்கோண முக்கோணத்திற்கோ மூன்று கோணங்களும் குறுங்கோணங்களாதல் வேண்டும். ‘ஒன்று’, ‘மூன்றும்’ என்னும் இவ்வேறுபாட்டைத் தொகைச்சொல் வெளிப்படுத்துவதில்லை. 100°, 50°, 30° கோணங்களுடைய முக்கோணத்தைக் குறுங்கோண முக்கோணம் எனும் மாணவர், முதலிரு பெயர்களின் விதியை மூன்றாவதற்கும் முறையாகவே நீட்டுகிறார். எந்த முக்கோணத்திலும் குறைந்தது இரண்டு குறுங்கோணங்கள் உண்டு என்பதை உணர்த்தாமல், வகைக்கொரு படம் வரைந்து காட்டுவதால் இம்மயக்கம் நீங்காது. வகையை அறிய மிகப்பெரிய கோணத்தை அளந்தாலே போதும் என்பதையும் அப்படங்கள் சொல்வதில்லை.

‘குறு’ என்னும் அடையும் ஆய்வுக்குரியது. குறுமை வழக்கில் பெரிதும் நீளத்தைச் சார்ந்தது. கோணத்தின் அளவைக் கைகளின் நீளத்தைக்கொண்டு மதிப்பிடுதல் தொடக்கநிலை மாணவரிடம் பரவலாகக் காணப்படும் பிழை; குறுங்கோணம் என்னும் பெயர் அதற்கு இடந்தருகிறது. இலங்கைப் பாடநூல்கள் ஆளும் ‘கூர்ங்கோணம்’ முனையின் கூர்மையைச் சுட்டுவதால் இவ்விடரைத் தவிர்க்கிறது. அங்கு வழங்கும் ‘முக்கோணி’ என்பதும் உருவத்தைக் கோணத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது. இவ்விரண்டிலும் இலங்கை வழக்கே பொருத்தமுடையது.

பக்க அடிப்படையிலான பெயர்களில் சிக்கல் வேறு. யூக்ளிட் தம் முதல் நூலில் இருசமபக்க முக்கோணத்தை இரண்டு பக்கங்கள் மட்டுமே சமமானதாக வரையறுத்தார். இக்காலக் கணிதம் பெரும்பாலும் ‘குறைந்தது இரண்டு’ எனக் கொள்வதால் சமபக்க முக்கோணமும் அதனுள் அடங்கும். தமிழில் ‘இரு’ என்பது ‘இரண்டே’ என ஒலிப்பதால், பாடநூல் எதை வரையறுத்தாலும் மாணவர் செவியில் நிற்பது யூக்ளிடின் பொருளே. ஒரு வகையை மற்றொன்றின் உட்பிரிவாகக் காணும் திறன், 1957இல் வான் ஹீலே இணையர் முன்வைத்த படிநிலைகளில், உருவத்தை அடையாளங்காணும் நிலைக்கும் பண்புகளைப் பட்டியலிடும் நிலைக்கும் அப்பாற்பட்டது. அதை ஆறாம் வகுப்பில் ஒருவரி வரையறையால் எதிர்பார்த்தல் மிகை.

அளவறிதலைத் தனிப்பாடமாக ஒதுக்குவதும் குறையே. கோணமானியில் எதிரெதிர்த் திசைகளில் இரு அளவுகோல்கள் உள்ளமையால் 120°, 60° எனப் படிக்கப்படுகிறது. அளக்குமுன் ‘விரிகோணமா?’ என வினவப் பழகியவர் இப்பிழையைத் தாமே உணர்வார். அங்கு வகைப்பெயர் அளவைச் சரிபார்க்கும் கருவியாகிறது. மறுபுறம், அளவு வகையை முடிவுசெய்ய இயலாத இடமும் உண்டு. செங்கோணக் குறியிட்ட படத்தை அளந்து 89° பெறும் மாணவர் அதனைக் குறுங்கோண முக்கோணம் என்பாராயின், அவர் அளந்தது தாளிலுள்ள கோட்டை. வினா கேட்டதோ அக்குறி தரும் தகவலை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் பயிற்சி வினாக்கள் பாடத்தின் முதற்பகுதியிலேயே இடம்பெறல் வேண்டும்.