‘ரீக்’: பழியில் பிறந்த ஒரு வினைச்சொல்

புயல் கரையைக் கடந்த மறுநாள் ஆங்கில நாளேடுகளின் தலைப்பில் அடிக்கடி வந்து நிற்கும் தொடர் ‘ரீக் ஹேவக்’. தமிழ் நாளேடு ‘கோரத்தாண்டவம் ஆடியது’ என்று எழுதும் இடம் அது. ஹேவக் என்பது பெரும் நாசம். ரீக் அந்த நாசத்தை நிகழ்த்தும் வினை. எழுத்தில் டபிள்யூ முன்னே நிற்கும், ஒலிப்பில் இராது. அதனால் துர்நாற்றம் வீசுவதைக் குறிக்கும் இன்னொரு ‘ரீக்’கோடு இது காதில் ஒன்றிவிடுகிறது, எழுத்துப் பிழைக்கும் அதுவே காரணம்.

‘ஹார்ம்’, ‘இஞ்சர்’, ‘டேமேஜ்’ போன்ற வினைகள் பாதிக்கப்பட்ட ஆளையோ பொருளையோ நேரே செயப்படுபொருளாக ஏற்கும். ரீக் ஏற்காது. அது கேட்பது தீங்கின் பெயரை: நாசம், அழிவு, பழி. அது யார்மீது விழுந்தது என்பதை ‘ஆன்’ போட்டுப் பின்னால் சேர்க்க வேண்டும். ‘பழி தீர்த்தான்’ என்பதில் பழியே செயப்படுபொருளாக நிற்பதை நினைத்துக்கொண்டால் தமிழ் வாசகருக்கு இது எளிதில் பிடிபடும்.

பழைய ஆங்கிலத்தில் நிலைமை வேறு. அங்கே ‘வ்ரெகன்’ என்று வழங்கிய இச்சொல்லுக்குத் துரத்துதல், வெளியேற்றுதல் என்று பொருள். வாயிலிருந்து பாட்டை வெளியே விடுவதும் இதே வினைதான்: ‘சீஃபேரர்’ என்று இன்று வழங்கும் கடலோடிக் கவிதையின் முதலடியில் தன் கதையைப் பாடத் தொடங்குபவன் இச்சொல்லையே ஆள்கிறான். அடைபட்ட சினத்தை வெளியே கொட்டுவது பழிவாங்குவதாக விரிந்ததில் வியப்பில்லை. ‘பேவுல்ஃப்’ காவியத்தில் மாண்ட நண்பனுக்காகப் பழிவாங்குவதைச் சொல்லும் இடத்தில் அந்த நண்பனே செயப்படுபொருள். ஷேக்ஸ்பியரின் ‘டைட்டஸ் ஆண்ட்ரானிகஸ்’ நாடகத்தில் இழைக்கப்பட்ட அநீதி அந்த இடத்துக்கு வருகிறது. இன்றோ அங்கே நிற்பது நாசம். பழிவாங்க ஓர் ஆளும் அவனுக்கு ஒரு காரணமும் வேண்டும். நாசம் விளைவிக்க இரண்டும் வேண்டாம். புயல், கிருமி, விலைவாசி எல்லாம் இந்த வினைக்கு எழுவாயாக முடிந்தது அதனால்தான்.

இதன் உறவுக் கூட்டமும் கவனிக்கத்தக்கது. பரிதாபத்துக்குரியவனைக் குறிக்கும் ‘ரெட்ச்’, முதலில் துரத்தப்பட்டவன், நாடு கடத்தப்பட்டவன். அதே மூலத்திலிருந்து வந்த ஜெர்மன் சொல் ‘ரெக்க’ மாவீரனைக் குறிக்கிறது. ஊரைவிட்டுப் போனவனை ஒரு மொழி இரக்கத்தோடும் இன்னொன்று வியப்போடும் பார்த்திருக்கிறது. கப்பல் சிதைவான ‘ரெக்’கும் இந்த வேரைச் சேர்ந்ததே, அலை கரைக்குத் தள்ளிய பொருள் என்பது அதன் பழைய பொருள்.

இறந்தகால வடிவத்தில்தான் சண்டை அதிகம். ‘ரீக்ட்’ என்பதே இதன் இயல்பான வடிவம். ஆனால் பலர் ‘ராட்’ என்று எழுதுகிறார்கள். அது ‘வொர்க்’ என்ற வினையின் பழைய இறந்தகாலம். தேனிரும்பின் ஆங்கிலப் பெயரில் இன்றும் ஒட்டியிருப்பதும், 1844 மே 24 அன்று மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அனுப்பிய தந்தி வாசகத்தை முடித்துவைத்ததும் இந்த ‘ராட்’தான். ‘வொர்க் ஹேவக்’ என்ற வழக்கும் ஆங்கிலத்தில் இருந்ததால் ‘ராட் ஹேவக்’ என்பதைப் பிழை என்று அடித்துவிட முடியாது. அதை ரீக்கின் இறந்தகாலம் என்று கற்பிப்பதுதான் தவறு.

ஹேவக்கின் கதை சுருக்கமானது. இடைக்காலப் படையில் அது கொள்ளைக்கு அனுமதி தரும் கூவல். 1385இல் இரண்டாம் ரிச்சர்டின் படை விதிகள், அப்படிக் கூவுபவனுக்கு மரண தண்டனை என்று எச்சரித்தன. இன்று அச்சொல் இல்லாமல் ரீக்கைக் காண்பது அரிது. செய்தி எழுதுவோர் யோசிக்காமல் கைவைக்கும் தேய்ந்த ஜோடி அது.

ரீக்குக்கு அண்டையில் நிற்பது ‘இன்ஃப்ளிக்ட்’. தாக்குதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த இதுவும் தீங்கையே செயப்படுபொருளாகக் கொள்ளும். உடன்பிறப்பான ‘அஃப்ளிக்ட்’ மட்டும் துன்புறுபவரைக் கொள்ளும். தண்டனை, காயம், தோல்வி போல அளவும் இலக்கும் உள்ள தீங்குக்கு இன்ஃப்ளிக்ட் பொருந்தும்; கட்டுக்கடங்காததற்கு ரீக். கிரிக்கெட் செய்தியில் வேகப்பந்து வீச்சாளர் நடுவரிசையில் ஹேவக்கை ‘ரீக்’ செய்வார், அவருடைய அணி எதிரணிக்குத் தோல்வியை ‘இன்ஃப்ளிக்ட்’ செய்யும். தோல்வியை ரீக் செய்ததாக எந்த நிருபரும் எழுதுவதில்லை.