எண்பது ஹேர்ட்ஸில் ஒரு கோடு

நிலாவெளிப் பக்கம் சீமெந்துச் சுவரும் டைல்ஸ் தரையுமாக உள்ள ஹோலில் ஹோம் தியேட்டர் வைத்தால் முதலில் கெடுவது அடித்தொனிதான். 14 அடி நீள அறை 40 ஹேர்ட்ஸை ஒட்டித் தானாகவே முழங்கும்; சப்வூஃபரை மூலையில் தள்ளினால் முழக்கம் இன்னும் ஊதிப்போகும்.

இடம் பார்ப்பதே பாதி வேலை. நீங்கள் இருக்கும் கதிரையில் சப்வூஃபரை வைத்து, பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். அடித்தொனி எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கேதான் அதன் இடம். அந்தத் தவழல் பார்க்க அவ்வளவு அழகான வேலை இல்லைதான்!

பிறகு ரிசீவரில் ஸ்பீக்கர்களைச் 'சிறியது' என்று குறித்து, அடித்தொனியைப் பிரித்துச் சப்வூஃபருக்கு அனுப்பும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹேர்ட்ஸில் தொடங்கலாம். டிஎச்எக்ஸ் தரநிலையின் எண்ணும் அதுதான். அதற்குக் கீழே ஒலி வரும் திசையைக் காது எளிதில் பிடிக்காது. சப்வூஃபரின் பின்னாலுள்ள கிராஸ்ஓவர் திருகியை உச்சத்தில் விட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஒலி இரண்டு தரம் வெட்டுப்படும். அதன் ஃபேஸ் சுவிட்சை 0, 180 பாகை என மாற்றி, எதில் அடி கனக்கிறதோ அதில் நிறுத்துங்கள்.

சோதித்துப் பார்க்கத் தவிலைப்போல் வேறில்லை. அதன் இரு முகங்களான வலந்தலையும் தொப்பியும் ஒரே வாத்தியமாகக் கேட்க வேண்டும். தொப்பி மட்டும் தனியே குமுறினால் சப்வூஃபர் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், அது இருப்பதே தெரியாத வரைக்கும்.