சமையலறை மேசையில் விளைந்த கனவு

கனேடியப் பரிசோதனைத் திரைப்படம் நிலக்காட்சியையும் ஒளிப்படப் பிம்பத்தின் இயல்பு பற்றிய ஆராய்ச்சியையும் நம்பி வளர்ந்தது என்றும், கனவின் தர்க்கத்தை விழிப்புலகுக்குள் கொண்டுவரும் சர்ரியலிசத்துக்கு அதில் இடமிருக்கவில்லை என்றும் கூறும் வழக்கம் திறனாய்வில் ஊறிவிட்டது. ரொறொன்ரோவின் வரலாறு இதற்கு இணங்குவதாக இல்லை.

கவிஞர் பிரெத்தோனின் 1924ஆம் ஆண்டு சர்ரியலிச அறிக்கையும், இயக்குநர் புனுவெலும் ஓவியர் டாலியும் 1929இல் திரையில் அறுத்த கண்ணும் வாசகர் அறிந்தவை. அந்தக் கனவு மரபின் வழியில், பிரித்தானிய அஞ்சல் துறைக்காக 1938இல் கடிதங்களை உருமாறும் காதலர்களாக வரைந்த நோர்மன் மக்லாரன், 1941இல் கனேடியத் தேசியத் திரைப்பட வாரியத்தில் சேர்ந்தார். அங்கு அவருடன் பணியாற்றிய ஜோர்ஜ் டனிங், பின்னர் ரொறொன்ரோவில் கிரஃபிக் அசோசியேட்ஸ் என்னும் அசைவூட்டப்பட நிறுவனத்தை அமைத்தார். பின்னாளில் பரிசோதனைத் திரைப்படக் கலைஞர்களான மைக்கல் ஸ்னோவும் ஜொய்ஸ் வீலண்டும் சந்தித்துக்கொண்டது அந்த நிறுவனத்தில்தான்.

ஸ்னோவின் முதற்படமான 'ஏ டு இசட்' (1956), இரவில் இரு நாற்காலிகள் கூடிக் காதல்புரியும் ஒலியற்ற அசைவூட்டம். சர்ரியலிசத்தின் நேர் வாரிசு என்பதைத் தவிர அதற்கு வேறு பெயரில்லை. ஆயினும் ஓர் அறையின் குறுக்கே கமெராவின் பார்வை 45 நிமிடம் மெல்ல நெருங்கும் 'வேவ்லெங்த்' (1967) புகழ்பெற்றதும், படத்தின் வடிவமே அதன் பொருளாக நிற்கும் வகைக்கு 'அமைப்புத் திரைப்படம்' என்று அமெரிக்கத் திறனாய்வாளர் சிட்னி 1969இல் பெயரிட்டதும், அந்த நாற்காலிகளை முற்றாக மறைத்துவிட்டன.

வீலண்டுக்கு நேர்ந்தது இதனினும் பெரிய அநீதி. நியூயோர்க்கில் வாழ்ந்த காலத்தில் அவர் உருவாக்கிய 'வாட்டர் சார்க்' (1965) 14 நிமிடமே ஓடுவது; அதன் களம் ஒரு சமையலறை மேசை. கண்ணாடிக் குவளை, நீர், பட்டகம், ஆடி, தேநீர்க் கெண்டி ஆகியவற்றைக் கமெராவின் முன் பிடித்து, அவற்றினூடே தம் உடலையும் அவர் நோக்கும்போது, முலை உருப்பெருக்கியின் கீழ் வீங்கி அந்நியக் கோளமாகிறது. குவளை நீர் கடலாகிறது. பெண்ணுடலைக் கனவுப்பொருளாக மட்டுமே கண்ட பாரிஸ் சர்ரியலிச ஆண்கள் எட்டாத இடம் இது. இங்கே கனவு காண்பவளும் காணப்படுபவளும் ஒருத்தியே. மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் எடுத்த 'ரட் லைஃப் அண்ட் டயட் இன் நோர்த் அமெரிக்கா'வில், பூனைகளின் சிறையிலிருந்து தப்பும் ஜெர்பில் எலிகள் கனடாவுக்கு ஓடிவந்து இயற்கை வேளாண்மை செய்கின்றன. வியட்னாம் போர்க்கால அமெரிக்காவை இவ்வளவு துணிவான கனவுக்கதையாக்கிய படங்கள் மிகச் சிலவே.

நியூயோர்க்கின் ஆந்தோலஜி திரைப்படக் காப்பகம் வகுத்த 'இன்றியமையாத் திரைப்படம்' பட்டியலில் ஸ்னோவுக்கு இடமளிக்கப்பட்டது, வீலண்ட் விடுபட்டார். ஒன்ராறியோ கலைக்கூடம் 1987இல் அவருக்குப் பெரும் மீள்பார்வைக் கண்காட்சி நடத்திய பின்னரும் திரைப்பட வரலாறுகள் அவரை ஸ்னோவின் மனைவியாகவே அறிமுகப்படுத்துவது தொடர்ந்தது. ரொறொன்ரோவில் குறைந்த பொருட்செலவில் குறும்படம் எடுக்க முனையும் தமிழ் இளையோருக்கு, 45 நிமிட நெருங்கலைவிட அந்தச் சமையலறை மேசையே கற்கத்தக்க பள்ளி. 1967இல் தொடங்கப்பட்ட கனேடியத் திரைப்படக் கலைஞர் விநியோக மையம் இந்நகரில்தான் இருக்கிறது; வீலண்டின் படங்களை அங்கிருந்து வாடகைக்குப் பெறலாம்.