நூல் முடியுமிடத்தில் தொடங்கும் கணக்கு

டிரினிடாட் தீவின் மைந்தர் எரிக் வில்லியம்ஸ், ஆக்ஸ்போர்டில் 1938-இல் அளித்த ஆய்வேட்டை விரித்து, 'முதலாளித்துவமும் அடிமைமுறையும்' என்னும் ஆங்கில நூலாக 1944-இல் வெளியிட்டார். அடிமைகளை விடுவித்தது ஆங்கிலேயரின் அருளுள்ளமே எனப் போற்றப்பட்ட காலத்தில், அவர் கணக்கேடுகளைத் திறந்து காட்டினார். கரும்புத் தோட்டத்தில் சிந்திய வியர்வை, லிவர்பூலில் கப்பலாகவும் லண்டனில் வங்கியாகவும் உருமாறிய கதையே இந்நூல். இலாபம் குன்றியதால்தான் அடிமைமுறை வீழ்ந்தது என்னும் அவரது முடிவைப் பின்வந்த ஆய்வாளர் சிலர் வலுவாக மறுத்துள்ளனர். ஆயினும் பணம் போன தடத்தில் வரலாற்றைத் தேடும் அவரது முறை இன்றும் பயன் தருகிறது.

நூலின் குறை வேறிடத்தில் உள்ளது. அதன் பார்வை பிரிட்டனின் வளர்ச்சி மீதே பதிந்திருப்பதால், விடுதலையோடு கதை முடிந்துவிடுகிறது. தீவுகளிலோ அப்போதுதான் புதிய கணக்கு தொடங்கிற்று. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அது முழுவதும் உடைமையாளரையே சேர்ந்தது. அடிமைப்பட்டோருக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக வாங்கிய கடனின் மிச்சம் தீர்ந்தது 2015-இல். தீவுகளிலிருந்து பிரிட்டனில் குடியேறியோரின் வரிப்பணமும் அதில் கலந்திருந்தது.

1836-இல் அரச சாசனம் பெற்ற காலனியல் வங்கி, மறு ஆண்டே தீவுகளில் கிளை பரப்பியது. 1925-இல் பார்க்ளேஸ் குடும்பத்தில் இணைந்தது. 1889-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா வங்கி கிங்ஸ்டனுக்கு வந்தது. ஏற்றுமதிச் சரக்கை நம்பிக் கடன் கொடுத்த இவ்வங்கிகளில், விடுதலை பெற்ற சிறு குடியானவனுக்கு இடம் அரிதாகவே இருந்தது.

இந்த விடுபட்ட அத்தியாயம் நூலாசிரியரையே தேடி வந்தது. 1970-இல் அவர் நாட்டின் பிரதமர். மாண்ட்ரியல் பல்கலைக்கழகமொன்றில் நிறப்பாகுபாட்டை எதிர்த்து வழக்கில் சிக்கிய கரீபிய மாணவருக்கு ஆதரவாக, பிப்ரவரி 26 அன்று போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இளைஞர் ஊர்வலம் சென்றனர். கனடாவின் ராயல் வங்கி முன் முழங்கிய அவர்கள், அடுத்து அமலோற்பவ அன்னை பேராலயத்தினுள் நுழைந்தனர். வங்கிக்கும் ஆலயத்துக்கும் இடையே அவர்கள் ஏன் வேறுபாடு காணவில்லை? கத்தோலிக்க வாசகர் இக்கேள்வியை எளிதில் கடந்துவிடலாகாது.

அதே ஆண்டில் அரசு தேசிய வணிக வங்கியைத் தோற்றுவித்தது. 1980-களில் விலகிச் சென்ற ராயல் வங்கியோ, 2008-இல் உள்ளூர் வங்கியொன்றை விலைக்கு வாங்கித் திரும்பி வந்தது.

இழப்பீடு பெற்றோர் பட்டியலை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013-இல் பொதுவில் வைத்தனர். வில்லியம்ஸின் நூலைப் படிப்போர் இப்பட்டியலையும் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் கற்றுத்தந்த முறையைக் கொண்டே, அவர் நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் நாம் செல்ல இயலும்.