துடக்கும் துயரும்

ஈழத்து முற்போக்குக் கதைகளில் தண்ணீர் வெறுந் தண்ணீராக வருவது அரிது. ஆறில்லாத குடாநாட்டில் கிணறே வாழ்வு. அக்கிணற்றில் அள்ளும் உரிமையோ சாதியின் கையில் இருந்தது. டொமினிக் ஜீவா தமது சிறுகதைத் தொகுதிக்குத் 'தண்ணீரும் கண்ணீரும்' (1960) என்று பெயரிட்டதும், கே. டானியல் தமது நாவல்களுள் ஒன்றைத் 'தண்ணீர்' என்றே அழைத்ததும் தற்செயலல்ல. இவ்விலக்கியத்திற் பயின்ற நமக்கு ஒரு வாசிப்புப் பழக்கம் படிந்துவிட்டது. கதையில் ஒரு பாத்திரம் செம்பை மூன்றாம் முறை கழுவினால் அங்கே சாதித் திமிரை உடனே கண்டுகொள்கிறோம். பெரும்பாலும் அக்கணிப்புச் சரியே. எப்போதும் சரியன்று என்பதை எனக்கு உணர்த்தியது நூலன்று, வகுப்பறை.

சாதாரணதர வகுப்பில் ஒரு மாணவன். அவனுடைய கட்டுரைக் கொப்பியில் ஒரே வரியை எழுதி, அழித்து, மீண்டும் எழுதித் தாள் கிழிந்திருக்கும். தவணைப் பரீட்சையில் முதல் வினாவைத் தாண்டமாட்டான். தண்ணீர்க் குழாயடிக்குப் போனால் ஒரு பாடவேளை கழிந்தே திரும்புவான். விரலிடுக்குகளில் தோல் வெடித்திருந்தது. "நான் சொன்னது பிழையில்லைத்தானே, சேர்?" என்று ஒன்றையே நாளுக்குப் பத்துத் தரம் கேட்பான். ஆசாரமான வீட்டுப் பிள்ளை, வீட்டுப் பழக்கம் என்று எண்ணிக்கொண்டேன். தீண்டாமை பற்றிய சிறுகதையொன்றைப் படிப்பித்த நாளில், கழுவிக் கழுவி வைக்கும் வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லிவிட்டு அவனை நோக்கிச் சிரித்தேன். வகுப்பும் சிரித்தது.

பல நாட்களின் பின் அவனே சொன்னான். கையில் அழுக்கில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆயினும் கழுவாவிட்டால் அம்மாவுக்கு ஏதோ நடந்துவிடும் என்ற நினைவு விடாது. கழுவினாற் சற்று அடங்கும். பின் மீண்டும் வரும். இதை வெளியிற் சொன்னால் விசர் என்பார்களே என்று இரண்டு வருடமாக மறைத்து வைத்திருந்தான்.

உளமருத்துவர் இதனை எண்ணச் சுழற்சி நோய் என்பர், ஓ.சி.டி. என்ற சுருக்கப் பெயரும் வழக்கில் உண்டு. விரும்பாத எண்ணம் வலிந்து புகும். அது தரும் அச்சத்தைத் தணிக்க ஒரு செய்கை கட்டாயமாகும். கழுவுதல் அதன் ஒரு முகம் மாத்திரமே. பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தல், எண்ணுதல், ஒழுங்காக அடுக்குதல், மனத்துக்குள் மந்திரம்போல் ஒன்றை உருப்போடுதல் எனப் பல வடிவங்கள் உள. சுவாமி அறையில் நிற்கும்போது தெய்வத்தை ஏசும் சொல் மனத்தில் எழுந்து பக்தரை நடுங்க வைப்பதும் இதுவே. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்திற்கு மூலநூல் தந்த ஜோன் பனியன், தம்மை இவ்வாறு வதைத்த எண்ணங்களை 1666இல் வெளிவந்த தன்வரலாற்றிற் பதிவு செய்திருக்கிறார். நூறு பேரில் இருவரளவுக்கு வாழ்நாளில் வரக்கூடிய இந்நோய் பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலோ இளமையிலோ தலைகாட்டுகிறது. ஆதலால் முதலிற் காணவேண்டியவர் ஆசிரியர்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் அதைக் காண்பது எளிதன்று. இங்கே கழுவுதல் புகழுக்குரியது. "துப்பரவு கூடின மனுசி" என்று ஊர் மெச்சும் பெண்மணி, நள்ளிரவில் அடுப்படியைக் கழுவிக்கொண்டு அழுவது எவருக்கும் தெரியாது. துடக்கென்றும் ஆசாரமென்றும் பெயர்கள் ஆயத்தமாக இருக்கையில் நோய் தன் பெயரைச் சொல்லவேண்டிய தேவையே இல்லை.

இரண்டையும் பிரித்தறியும் வழி இல்லாமலில்லை. நாவலரின் சைவ வினாவிடை சௌசத்தையும் ஸ்நானத்தையும் வரையறுக்கிறது. எத்தனை தரம் என்ற கணக்கும் அங்குண்டு. கணக்கு முடிந்தால் ஆசாரக்காரர் எழுந்து போய்ப் பூசை செய்வார். நோயாளிக்கும் கணக்குண்டு, அது முடிவதில்லை. சரியாக எண்ணினேனா என்ற ஐயத்தில் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவார். 2020இல் கொரோனாவுக்கு அஞ்சி நாமெல்லாரும் கழுவினோம். கழுவிவிட்டு வேறு வேலை பார்த்தோம். நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அதிலேயே கழிந்து, படிப்பும் உறக்கமும் கெடுமாயின் அது வழக்கமன்று. மற்றொரு வேறுபாடு இதனினும் முக்கியமானது. சாதிமான் அழுக்கை மற்றவனிடம் காண்கிறான். நோயாளி தன் கையாற் பிறருக்குத் தீங்கு வந்துவிடுமோ என்று தன்னையே அஞ்சுகிறான்.

1907இலேயே சிக்மண்ட் பிராய்ட் இந்நோயாளரின் செய்கைகளையும் சமயக் கிரியைகளையும் ஒப்பிட்டு, நோயைத் தனிமனிதச் சமயமாகவும் சமயத்தை மானிடப் பொதுநோயாகவும் கண்டார். கூர்மையான ஒப்புமைதான். நமக்கோ ஆபத்தானது. தீண்டாமை நோயென்றால் அங்கே குற்றவாளியே இல்லாமற் போவான். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலை மறித்து நின்றோர் தம் எண்ணங்களால் வதைபட்டவரல்லர். தம் ஆதிக்கம் போகிறதே என்று அஞ்சியவர். காணியும் கிணறும் யார் கையில் என்பதே அங்கு வினா. சாதிவெறியனை 'மனநோயாளி' என்று ஏசும் விமர்சகன் சாதியையும் விளக்கவில்லை, நோயாளியையும் அவமதிக்கிறான். நம் விமர்சனக் கட்டுரைகளில் இச்சொல் தாராளமாகவே புழங்குகிறது. நானும் எழுதியிருக்கிறேன்.

போர் நமக்கு உளநலச் சொற்கள் சிலவற்றைத் தந்தது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோரின் உழைப்பால் 'மனவடு' இன்று பலரும் அறிந்த சொல். ஆனால் ஷெல் சத்தம் கேளாத பிள்ளைக்கும் வரும் நோய்க்கு அத்தகைய சொல் இன்னும் ஊரில் ஊன்றவில்லை. 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இங்கிலாந்தில், அஞ்சும் பொருளைத் தொடவைத்து, கழுவாமற் பொறுத்திருக்கத் துணைநின்று பயன் கண்டார். இன்றைய சிகிச்சை அதன் வழிவந்தது. மருந்துகளும் உண்டு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன, காசு கேட்பதில்லை. ஏச்சால் இந்நோய் கூடும். "பிழையில்லை, பிழையில்லை" என்று நான் பத்துத் தரம் அளித்த ஆறுதலும் அதற்குத் தீனியே என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அம்மாணவன் கிளினிக்குக்குப் போய் வருகிறான். அடுத்த பரீட்சையில் நான்கு வினாக்கள் எழுதினான். அதே சிறுகதையை இவ்வருடமும் படிப்பித்தேன். வீட்டுக்காரி செம்பு கழுவும் இடம் வந்ததும், கழுவிய பின் அவள் எப்படி இருக்கிறாள் என்று வகுப்பைக் கேட்டேன். பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவ நிம்மதியாப் போய்ச் சாப்பிடுறா, சேர்" என்றாள்.