சென்னை இழந்தது, பாலேவாடி பிடித்தது

2015 டிசம்பர் 12. ஐஎஸ்எல் கால்பந்து அரையிறுதியில் சென்னையின் எஃப்சி தன் ‘சொந்த மைதானத்தில்’ அத்லெட்டிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று புரட்டி எடுத்தது. பெலிசாரி, ஜேஜே, மெண்டோசா ஆளுக்கொரு கோல். ஆனால் ஆட்டம் நடந்த இடம் புனே. பெருவெள்ளத்தில் சென்னை தத்தளித்துக்கொண்டிருந்ததால் பாலேவாடிக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே சேர்த்த கோல்கள்தான் கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றபோதும் அணியை இறுதிப்போட்டிக்குக் கரையேற்றின. கோவாவில் கோப்பையும் வந்தது.

சென்னையிலிருந்து பாலேவாடிக்குப் போனது அது ஒன்று மட்டுமல்ல.

புனேயின் மேற்கு ஓரத்தில், மும்பை-பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம், பாலேவாடியில், 1994 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்தது ஸ்ரீ சிவ் சத்ரபதி விளையாட்டு வளாகம். ஓடுதளம், நீச்சல்குளம், டென்னிஸ் கோர்ட், பேட்மின்டன் அரங்கு, துப்பாக்கி சுடும் தளம் எல்லாம் ஒரே மதிலுக்குள். சென்னையில் தடகளம் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில், டென்னிஸ் நுங்கம்பாக்கத்தில், நீச்சல் வேளச்சேரியில், ஹாக்கி எழும்பூரில். 2008இல் காமன்வெல்த் இளையோர் போட்டிக்காகப் பாலேவாடி புதுப்பிக்கப்பட்டது; பதக்கப் பட்டியலில் இந்தியா முதலிடம் பிடித்தது. அவசரத்துக்கு ஒரு போட்டியை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் இப்படி ஒரு வளாகம் தயாராக இருக்க வேண்டும். புனேயின் பலமே அதுதான் என்பேன்.

அந்த அவசரம் 2013இல் வந்தது. இலங்கை வீரர்கள் வருவதானால் ஆசியத் தடகளப் போட்டியைச் சென்னையில் நடத்த முடியாது என்று முதல்வர் ஜெயலலிதா பிப்ரவரியில் அறிவித்தார். ஜூலையில், நல்ல மழைக்காலத்தில், பாலேவாடியில் போட்டி நடந்தது. தொடங்குவதற்குச் சற்று முன்புதான் ஆசியத் தடகளச் சங்கத் தலைவர் பதவியை சுரேஷ் கல்மாடி தன் சொந்த ஊரிலேயே தேர்தலில் பறிகொடுத்திருந்தார். வட்டு எறிதலில் விகாஸ் கவுடா 64.90 மீட்டர் வீசித் தங்கம் வென்றார். பெண்கள் 4x400 தொடர் ஓட்டத்தில் இன்னொன்று. இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் அவ்வளவுதான். நேரு ஸ்டேடியத்தில் நம்மவர்கள் பார்த்திருக்க வேண்டிய எறி அது.

மூன்றாவது இழப்புதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. இருபது ஆண்டுக்கு மேல் நுங்கம்பாக்கத்தில் நடந்து, அதன் ஜனவரியாகவே ஆகிப்போன சென்னை ஓபன் டென்னிஸ், 2018இல் மகாராஷ்டிரா ஓபனாகப் பாலேவாடிக்குக் குடிபெயர்ந்தது. வெள்ளமும் இல்லை, அரசியலும் இல்லை, இது வியாபாரம். 2022இல் அங்கே போபண்ணாவுடன் சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்ற ராம்குமார் ராமநாதன் சென்னைப் பையன். அதே 2018இல் காவிரிப் போராட்டத்தால் சிஎஸ்கேயும் புனேக்குப் போனது. அது கஹுஞ்சே மைதானம், வேறு கதை.

வந்ததையெல்லாம் புனே தக்கவைத்துக்கொண்டதா? இல்லை. புனேயின் ஐஎஸ்எல் அணியான எஃப்சி புனே சிட்டி 2019இல் கலைந்தது. டென்னிஸ் 2023உடன் முடிந்தது. 2024இல் போட்டி அட்டவணையில் அந்த இடம் ஹாங்காங்குக்குப் போனது. வளாகம் கட்டுவது அரசின் வேலை, முடித்துவிட்டார்கள். ஊர்க் கோடியில் இருக்கும் அரங்குக்கு வாரம் தவறாமல் ஆளைக் கூட்டிவரும் அணி வேண்டுமே, அது இன்னும் அமையவில்லை. தமிழகம் எடுத்த வழி வேறு: 2019இல் பாலேவாடியை மையமாக வைத்து நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டி, 2024 ஜனவரியில் தமிழகத்துக்கு வந்தபோது சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று நான்கு ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.